ஓநாய்க்குச் சோறு போட்ட ஊரில் மணியோடு

இத்தாலியின் நடுப்பகுதியில் மலை ஊர்களுக்குப் பஞ்சமே இல்லை. உம்ப்ரியா மாநிலத்தில் எந்தச் சாலையில் வண்டியை ஓட்டினாலும் கொஞ்ச நேரத்தில் குன்றின் மேல் கல் மதிலும் மணிக்கூண்டும் ஓட்டுக் கூரைகளுமாக ஓர் ஊர் கண்ணில் பட்டுவிடும். அசிசி, ஓர்வியெத்தோ, தோதி, ஸ்பெல்லோ என எல்லாமே அழகான ஊர்கள். ஆனால் நாயோடு போக ஒரே ஓர் ஊரைச் சொல் என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் குபியோ என்பேன்.

காரணம் உண்டு. இந்த மலை ஊர்களில் பெரும்பாலானவை தங்கள் கதையை ஒரு கோமகனிடமோ போப்பாண்டவரிடமோ ஓவியரிடமோ தொடங்கும். குபியோவிலும் அவர்களுக்குக் குறைவில்லை. உர்பினோவின் புகழ்பெற்ற கோமகன் பெதெரிகோ தா மோன்தெபெல்த்ரோ 1422-இல் பிறந்தது இந்த ஊர்ப் பக்கம்தான். இருந்தாலும் குபியோ என்றதும் இத்தாலியர் வாயில் முதலில் வரும் சொல் ஓநாய். ஒரு விலங்கைத் தன் வரலாற்றின் நடுவில் உட்கார வைத்திருக்கும் ஊர் இது. எங்கள் நாய் மணியோடு அதன் தெருக்களில் நடந்தபோது இது எனக்கு இன்னும் நன்றாகப் புரிந்தது.

நாங்கள் பெருஜியாவில் வசிக்கிறோம். அங்கிருந்து குபியோ சுமார் 40 கிலோமீட்டர். வளைந்து நெளிந்து போகும் மலைச் சாலை. ஊருக்குள் ரயில் நிலையம் கிடையாது. ரயிலில் வருபவர்கள் பொஸ்ஸாத்தோ தி விகோ நிலையத்தில் இறங்கி பேருந்து பிடிக்க வேண்டும். நாயோடு வருபவர்களுக்கு இந்த நாட்டில் சில விதிகள் உண்டு. ஊருக்குள் கழுத்துக் கயிறு ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளமாக இருக்கக் கூடாது. வாய்க்கூட்டைக் கையோடு வைத்திருக்க வேண்டும். தெருவில் நாய் மலம் கழித்தால் அதை அள்ளி எடுக்கப் பை வேண்டும். மணி போன்ற நடுத்தர உருவமுள்ள நாயை உள்ளூர் ரயிலில் ஏற்றினால் அரை டிக்கெட், அதோடு வாய்க்கூடும் கட்டாயம். இவை எதுவும் சிரமமில்லை. விதிகள் இருப்பதால்தான் ஓட்டல்காரர் முகம் சுளிக்காமல் மேசைக்கடியில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைக்கிறார் என்று நினைக்கிறேன்.

வண்டியை ஊரின் அடிவாரத்தில், பியாஸ்ஸா குவராந்தா மார்த்தீரி என்ற பெரிய சதுக்கத்தில் நிறுத்தினோம். நாற்பது தியாகிகளின் நினைவாக வைத்த பெயர் அது. 1944 ஜூன் 22 அன்று, தங்கள் அதிகாரி ஒருவர் கொல்லப்பட்டதற்குப் பழிவாங்க, ஜெர்மானியப் படையினர் இந்த ஊர் மக்கள் நாற்பது பேரைச் சுட்டுக் கொன்றார்கள். வண்டி நிறுத்துமிடமாக மட்டும் பார்த்துவிட்டுக் கடந்துவிடக் கூடாத இடம்.

அங்கே நின்று நிமிர்ந்தால் முழு ஊரும் தெரியும். மோன்தே இன்ஜினோ என்ற மலையின் சரிவில் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறிப்போகும் தெருக்கள், சாம்பல் நிறச் சுண்ணாம்புக் கல் வீடுகள், நடுவில் எல்லாவற்றுக்கும் மேலாக நிமிர்ந்து நிற்கும் பலாஸ்ஸோ தெய் கொன்சொலி மாளிகை. சதுக்கத்தின் ஒரு பக்கம் புனித பிரான்சிஸ் ஆலயம். தந்தையின் சொத்தையும் உடுத்தியிருந்த துணியையும் உதறிவிட்டு அசிசியை விட்டு வெளியேறிய இளைஞர் பிரான்சிஸுக்கு, இங்கே வாழ்ந்த ஸ்பாதலோங்கா குடும்பம் ஓர் அங்கி கொடுத்து ஆதரித்தது. அந்தக் குடும்பத்தின் வீடு இருந்த இடத்தில்தான் இந்த ஆலயம் நிற்கிறது.

ஊருக்குள் ஏறும் தெருக்கள் செங்குத்தானவை. மணி முன்னால் இழுத்துக்கொண்டு போனாள். நாயோடு நடப்பவர் பார்வை இயல்பாகவே சுவரின் அடிப்பகுதிக்குப் போகும், ஏனென்றால் நாய் அங்கேதான் நிற்கும். அப்படி நின்ற இடங்களில் ஒரு விசித்திரமான வாசலைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். வீட்டின் பெரிய வாசலுக்குப் பக்கத்தில், தெருவிலிருந்து கொஞ்சம் உயரத்தில், ஓர் ஆள் ஒடுங்கி நுழையும் அளவில் இன்னொரு வாசல். பிணத்தின் வாசல் என்று இதைச் சொல்கிறார்கள். வீட்டில் யாராவது இறந்தால் சவப்பெட்டியை அதன் வழியாக வெளியே எடுத்துவிட்டு மூடிவிடுவார்கள் என்பது ஊர்க்கதை. மாடிக்கு ஏறும் படிக்கட்டுக்கான வாசல் அது, ஆபத்துக் காலத்தில் மர ஏணியை உள்ளே இழுத்துக்கொண்டு பத்திரமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம். எனக்கு இரண்டாவதுதான் நம்பும்படி இருக்கிறது.

சரி, ஓநாய்க்கு வருகிறேன்.

பதினான்காம் நூற்றாண்டில் எழுத்துக்கு வந்த கதை இது. குபியோவைச் சுற்றி ஒரு பெரிய ஓநாய் திரிந்தது. முதலில் ஆடுமாடுகளைத் தின்றது, பிறகு மனிதர்களையும் தின்றது. ஆயுதம் இல்லாமல் யாரும் மதிலைத் தாண்டுவதில்லை. கொஞ்ச நாளில் ஆயுதத்தோடும் தாண்டுவதில்லை. அப்போது ஊருக்கு வந்திருந்த பிரான்சிஸ், மக்கள் தடுத்தும் கேட்காமல் வெளியே போனார். வாயைப் பிளந்துகொண்டு ஓடி வந்த ஓநாய்க்கு எதிரே சிலுவை அடையாளம் வரைந்து, சகோதர ஓநாயே, இங்கே வா என்று கூப்பிட்டார். அது அவர் காலடியில் படுத்தது.

பொதுவாக இந்தக் கதையைச் சொல்பவர்கள் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். கொடிய விலங்கு அடங்கியது, புனிதரின் மகிமை விளங்கியது என்று முடித்துவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இதற்கு அடுத்த பகுதி. பிரான்சிஸ் ஓநாயிடம், நீ செய்ததெல்லாம் பசியால் செய்தது என்று எனக்குத் தெரியும் என்கிறார். இனி யாரையும் தொடாதே, அதற்குப் பதிலாக நீ உயிரோடு இருக்கும் வரை இந்த ஊர் மக்கள் உனக்குச் சாப்பாடு போடுவார்கள் என்கிறார். ஓநாய் முன்காலைத் தூக்கி அவர் கையில் வைத்து ஒப்புக்கொள்கிறது. அப்புறம் அதை ஊருக்குள் அழைத்துப்போய், சதுக்கத்தில் கூடிய மக்களிடமும் அதே உறுதிமொழியை வாங்குகிறார். மக்கள் எல்லோரும் ஒரே குரலில் சம்மதிக்கிறார்கள். அதற்குப் பிறகு ஓநாய் இரண்டு ஆண்டுகள் குபியோவில் வாழ்ந்தது. வீடு வீடாகப் போய்ச் சாப்பிட்டது. ஒரு நாய்கூட அதைப் பார்த்துக் குரைக்கவில்லை என்று கதை தெளிவாகச் சொல்கிறது. அது முதுமையில் இறந்தபோது ஊரே வருந்தியது.

ஆக இது இரு தரப்பு ஒப்பந்தம். விலங்கு அடங்க வேண்டும் என்றால் மனிதர்களும் ஏதோ ஒன்றுக்குக் கட்டுப்பட வேண்டும். பசியைத் தீர்க்காமல் ஒழுங்கை மட்டும் எதிர்பார்க்க முடியாது. சாப்பாடு போட வேண்டிய கடமை பிரான்சிஸின் துறவிகளுக்கு மட்டும் இல்லை, தெருவில் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் உண்டு. இந்தக் கதையை நான் மனதார நேசிப்பதற்குக் காரணம் இதுதான்.

மணிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அவள் தெற்கே பூலியா மாநிலத்தில் ஒரு காப்பகத்திலிருந்து எங்களிடம் வந்தவள். தெரு நாய்களைக் கொல்வதை இத்தாலி 1991-இல் 281-ஆம் எண் சட்டத்தால் தடை செய்தது. தீராத நோய் வந்தாலோ, ஆபத்தான நாய் என்று நிரூபணமானாலோ மட்டும்தான் விலக்கு. மற்ற நாய்களைப் பிடித்து, பதிவு செய்து, யாராவது தத்தெடுக்கும் வரை காப்பகத்தில் வைத்துப் பராமரிப்பது உள்ளாட்சியின் பொறுப்பு. யாரும் எடுக்காவிட்டால் சாகும் வரை. நடைமுறையில் எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். தெற்கில் பல காப்பகங்கள் நிரம்பி வழிகின்றன, அங்கிருந்து நாய்களை வடக்கே கொண்டுவந்து வீடு தேடிக் கொடுப்பதற்கென்றே தன்னார்வலர்கள் அலைகிறார்கள். அப்படி ஒரு வண்டியில்தான் மணியும் வந்தாள். அந்தச் சட்டம் இல்லையென்றால் அவள் இருந்திருக்க மாட்டாள். குபியோ சதுக்கத்தில் அன்று மக்கள் கொடுத்த வாக்கும் இந்தச் சட்டமும் எனக்கு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாகத் தெரிகின்றன.

பிரான்சிஸும் ஓநாயும் சந்தித்ததாகச் சொல்லப்படும் இடம் மதிலுக்கு வெளியே இருக்கிறது. லா வித்தோரினா என்ற சின்னஞ்சிறு ஆலயம், அதை ஒட்டிய பூங்காவில் இருவருக்கும் ஒரு வெண்கலச் சிலை. கிமு முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானிய அரங்கும் நடந்து போகும் தூரத்தில்தான். நாயோடு வருபவர்கள் இந்தப் பகுதியை முதலில் வைத்துக்கொள்வது நல்லது. தரை சமமாக இருக்கும், புல்லும் நிழலும் உண்டு. ஊருக்குள் இன்னொரு ஆலயம், சான் பிரான்செஸ்கோ தெல்லா பாச்சே. ஓநாய் இரவில் தங்கிய குகை இதன் அடியில்தான் என்பது நம்பிக்கை. 1872-இல் பழுதுபார்த்தபோது ஒரு கல் பலகைக்குக் கீழே ஓநாயின் எலும்புக்கூடு கிடைத்தது என்று ஊரில் சொல்கிறார்கள். அது உண்மையானால், மக்கள் அந்த விலங்கை மரியாதையோடு அடக்கம் செய்திருக்கிறார்கள்.

அந்தத் தெருவில் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியம்மா, இங்கே எல்லோரும் கேட்பது போலவே முதலில் கேட்டார்: "ஆணா, பெண்ணா?"

"பெண் பாட்டி. மணி என்று பெயர்."

"சாப்பிட்டாளா?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய் ஒரு துண்டு காய்ந்த ரொட்டி கொண்டுவந்து, "கொடுக்கலாமா?" என்று எங்களிடம் அனுமதியும் கேட்டார். மணி அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கித் தின்றாள். "இந்தத் தெருவில் ஓநாய்க்கே போட்டிருக்கிறோம்" என்றார் பாட்டி, தன் அம்மா காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்லும் குரலில்.

மேலே ஏறினால் பியாஸ்ஸா கிராந்தே. மலைச்சரிவில் பெரிய வளைவுகளைக் கட்டி, அவற்றின் மேல் பரப்பிய சதுக்கம் இது. ஒரு பக்கம் முழுவதும் திறந்திருக்கும். கைப்பிடிச் சுவரில் சாய்ந்தால் கூரைகளும் அவற்றுக்கு அப்பால் சமவெளியும் தெரியும். 1332-இல் கட்டத் தொடங்கிய பலாஸ்ஸோ தெய் கொன்சொலி இங்கேதான் இருக்கிறது, இப்போது அருங்காட்சியகம். நானும் மனைவியும் முறை வைத்துக்கொண்டோம். ஒருவர் மணியோடு வெளியே இருப்பது, மற்றவர் உள்ளே போவது.

உள்ளே நான் பார்க்க விரும்பியது ஒன்றுதான், இகுவியப் பட்டயங்கள். ஏழு வெண்கலத் தகடுகள். 1444-இல் கிடைத்தவை, 1456-இல் ஊராட்சி விலை கொடுத்து வாங்கியது. இலத்தீனுக்குப் பங்காளியாக இருந்து அழிந்துபோன உம்ப்ரிய மொழியில் எழுதியவை. கொஞ்சம் உம்ப்ரிய எழுத்தில் வலமிருந்து இடமாக, மீதி இலத்தீன் எழுத்தில் இடமிருந்து வலமாக. நம் செப்பேடுகள் நிலக்கொடையையும் வம்சத்தையும் பேசும். இவை சடங்கை மட்டும் பேசுகின்றன. அத்தியேதியச் சகோதரர்கள் என்ற பூசாரிக் குழு இந்தக் குன்றை எப்படித் தூய்மை செய்ய வேண்டும், எந்தப் பறவையின் சகுனம் பார்க்க வேண்டும், எந்த வாசலுக்கு முன்னால் எந்தத் தெய்வத்துக்கு மூன்று காளைகளைப் பலியிட வேண்டும், பின்னால் எதைப் பலியிட வேண்டும் என்று வரிசையாகக் கட்டளைகள். அவற்றில் ஒரு தகட்டில், ஹோந்துஸ் என்ற தெய்வத்துக்கு ஒரு நாயைப் பலி கொடுக்கும் முறை விரிவாக எழுதப்பட்டிருக்கிறது.

அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நெடுநேரம் நின்றேன். அதைக் கொடுமை என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தங்களுக்குப் பயன்பட்ட, தங்களோடு வாழ்ந்த உயிரைத்தான் அவர்கள் தெய்வத்துக்குக் கொடுத்தார்கள். ஆனால் அதே குன்றில், ஓராயிரம் ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, விலங்கைக் கொல்வதற்குப் பதிலாக அதனோடு ஒப்பந்தம் செய்துகொண்ட கதை பிறந்திருக்கிறது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று காட்ட முடியாது. என்றாலும் வெளியே வந்து, கல் தரையில் முகத்தை வைத்துப் படுத்திருந்த மணியைப் பார்த்தபோது, இந்த ஊர் கடந்துவந்த தூரம் பெரியது என்று தோன்றியது.

மலை உச்சியில் ஊர்க் காவலர் புனித உபால்தோவின் ஆலயம் இருக்கிறது. 1160-இல் இறந்த ஆயர் அவர். மேலே போக ஒரு கம்பி இழுவை வண்டி உண்டு. மூடிய பெட்டி கிடையாது, இருவர் நின்றுகொண்டு போகும் திறந்த கூண்டு. அது நிற்காது. நகர்ந்து வரும்போதே தாவி ஏற வேண்டும். அந்த இடத்தில் மணியைத் தூக்கிக்கொண்டு தாவும் எண்ணம் எங்களுக்கு இல்லை. நடந்தே ஏறினோம், சுமார் 300 மீட்டர் ஏற்றம், வளைந்து வளைந்து போகும் அகலமான மண் பாதை. ஒவ்வோர் ஆண்டும் மே 15 அன்று 'செரி' என்னும் மூன்று மரத் தூண்களைத் தோளில் சுமந்துகொண்டு ஊர் இளைஞர்கள் ஓடி ஏறும் பாதை இதுதான். ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 300 கிலோ. நாங்கள் வெறும் கையோடு ஏறியே மூச்சு வாங்கியது.

மே மாதத்தைத் தவிர மற்ற நாளெல்லாம் அந்தத் தூண்கள் மேலே ஆலயத்துக்குள்தான் இருக்கும். ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு புனிதர். கொத்தனார்களுக்கு உபால்தோ, வணிகர்களுக்கு ஜார்ஜ், உழவர்களுக்கு அந்தோனியார். இந்த அந்தோனியார் நம் ஊர்க் கிறித்தவர்கள் வனத்து அந்தோனியார் என்று அழைப்பவர், வீட்டு விலங்குகளின் காவலர். ஓட்டத்தில் உபால்தோவின் தூண் முதலில், அந்தோனியாரின் தூண் கடைசியில், இந்த வரிசை மாறவே மாறாது. ஒருவரை ஒருவர் முந்த முடியாத ஓட்டத்துக்கு ஊரே ஆண்டு முழுவதும் காத்திருக்கிறது. அந்த நாளில் மட்டும் நாயைக் கூட்டி வராதீர்கள். நிற்க இடமில்லாத கூட்டமும் சத்தமும் எந்த நாய்க்கும் தாங்காது.

மலையில் கயிற்றை அவிழ்த்துவிட ஆசை வரும், அவிழ்க்க வேண்டாம். ஓநாய்கள் திரும்பி வந்துவிட்டன. 1970-களின் தொடக்கத்தில் இத்தாலி முழுவதும் சுமார் நூறு ஓநாய்கள்தான் எஞ்சியிருந்தன. 1971-இல் வேட்டைக்குத் தடை வந்தது, 1976-இல் முழுப் பாதுகாப்பு. 2020-21-இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் ஏறக்குறைய 3,300 என்று மதிப்பிட்டார்கள். அப்பென்னைன் மலைத்தொடர் முழுவதும் அவை இருக்கின்றன. ஆட்டு மந்தைகளோடு வரும் பெரிய வெள்ளை மரெம்மா காவல் நாய்களையும் எதிர்பார்த்துப் போக வேண்டும். மந்தை தெரிந்தால் உங்கள் நாயோடு தூரமாகச் சுற்றிப் போய்விடுங்கள். அவை தங்கள் வேலையைச் செய்கின்றன. ஆடு இழந்த மேய்ப்பருக்கு அரசு இழப்பீடு கொடுப்பது, வேலி போட உதவுவது, காவல் நாய் வளர்ப்பது என்று பழைய ஒப்பந்தத்தை இந்த நாடு இன்னும் பேசிப் பேசித் திருத்திக்கொண்டிருக்கிறது.

நடை பிடித்தவர்களுக்கு இன்னொரு வழி சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. மலையின் இடுப்பில், பதினான்காம் நூற்றாண்டில் கட்டிய குடிநீர்க் கால்வாயை ஒட்டி ஒரு நடைபாதை போகிறது. ஏற்ற இறக்கம் அதிகம் இல்லை. கீழே கமிஞானோ ஓடை. பாதை பொத்தாச்சோனே என்ற கணவாய்க்குப் போய்ச் சேர்கிறது. அங்கே சாலை ஓரத்துப் பாறைகள் இளஞ்சிவப்பாக, அடுக்கடுக்காகச் சாய்ந்திருக்கும். ஆழ்கடல் அடியில் படிந்த சுண்ணாம்புக் கல். அவற்றுக்கு நடுவே ஒரு விரல் பருமனில் களிமண் கோடு ஒன்று. வால்டர் அல்வாரெஸ் என்ற புவியியலாளர் 1970-களில் இந்தக் களிமண்ணை எடுத்துக்கொண்டு போனார். அவருடைய தந்தை, இயற்பியலாளர் லூயிஸ் அல்வாரெஸும் மற்ற இருவரும் சேர்ந்து அதைச் சோதித்தார்கள். இரிடியம் என்ற அரிய உலோகம் வழக்கத்தைவிட முப்பது மடங்கு இருந்தது. பூமியின் மேற்பரப்பில் அது அவ்வளவு கிடைக்காது, விண்கற்களில் கிடைக்கும். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய விண்கல் மோதியதால்தான் டைனோசர்கள் அழிந்தன என்ற கருத்தை 1980-இல் அவர்கள் வெளியிட்டது இந்தக் கோட்டை வைத்துத்தான். இத்தனை பெரிய சான்று வேலியும் காவலும் பெரிதாக இல்லாமல் சாலை ஓரத்தில் இருக்கிறது. மணி முகரும் உயரத்தில்.

ஊருக்குத் திரும்பியதும் கிரெஷா சாப்பிட்டோம். ஈஸ்ட் சேர்க்காமல் கல் தட்டில் சுடும் தடித்த ரொட்டி. நடுவில் பிளந்து பன்றித் தொடைக்கறியோ கீரையோ வைத்துத் தருவார்கள். பிரிக்கோ என்ற கறிக் குழம்போடும் தருவார்கள், அதுதான் குபியோக்காரர்கள் விரும்பிச் சாப்பிடும் சேர்க்கை. மணிக்கு உப்பில்லாத ஒரு துண்டு வேகவைத்த கோழியைக் கடைக்காரர் தானாகவே கொண்டுவந்து வைத்தார், கணக்கில் சேர்க்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஏப்ரல், மே தொடக்கம், செப்டம்பர், அக்டோபர் நல்ல மாதங்கள். ஜூலை, ஆகஸ்டில் பகல் வெயிலில் கல் தரை நாயின் பாதத்தைச் சுடும். புறங்கையைத் தரையில் வைத்துச் சில நொடி தாங்க முடியவில்லை என்றால் நாயாலும் முடியாது. மழை பெய்தால் தேய்ந்த கற்கள் வழுக்கும், இறக்கத்தில் நாயை இழுக்க விடாதீர்கள். இந்த நாட்டின் பல ஊர்களில் நாய் சிறுநீர் கழித்த இடத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று விதி உண்டு, குபியோவிலும் ஒரு பாட்டில் தண்ணீரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு அடுத்த முறை குளிர்காலத்தில் போக ஆசை. ஜனவரி 17 அந்தோனியார் திருநாள். இத்தாலியின் பல ஊர்களில் அன்று மாடு, குதிரை, ஆடு, கோழி, பூனை, நாய் என்று எல்லாவற்றையும் ஆலய வாசலுக்குக் கூட்டி வந்து தீர்த்தம் தெளித்து ஆசி வாங்குவார்கள். மணிக்குத் தண்ணீர் தெளித்தால் பிடிக்காது. ஆனாலும் கூட்டிப் போவோம்.